கரையரிக்கும் நீரேரிகள்: கன்று நடுவதற்கு முன் கணக்கெடுப்போம்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கைத் தீவைத் தாக்கியபோது உலகச் செய்தி நிறுவனங்களின் கவனம் முழுவதும் மலையகத்தின் மண்சரிவுகள் மீதே குவிந்திருந்தது. அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்ட அப்பேரழிவில் மிகப் பெரிய இழப்பு மலைச்சரிவுகளிலேயே நிகழ்ந்தமையால் அது இயல்பானதே. ஆயினும் அதே நாட்களில் வடக்கின் கிழக்குக் கரையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சில வரிச் செய்தியாக வந்து மறைந்துபோனது. சுண்டிக்குளம், சாலைப் பகுதியில், வெள்ளநீர் கடலுக்கு வடியும்பொருட்டு நீரேரியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த கடற்படையினர் ஐவர் நீரோட்டத்தில் அள்ளுண்டு உயிரிழந்தனர்.

இறந்தவர் எவராயினும் மனித உயிர் மனித உயிரே. அவ்வனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெள்ளம் தலைக்கு மேல் வந்தபின்னர், பொங்கும் நீரில் இறங்கி மணற்றிட்டை வெட்டவேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? நீரேரியின் வாய் எப்போது அடைபடும், எங்கு உடையும், எந்த அளவுக்கு நீர் உயர்ந்தால் எந்த ஊர் மூழ்கும் என்பன முன்கூட்டியே அளந்து அறியக்கூடிய விடயங்கள். அவை அளக்கப்படாதவிடத்து ஒவ்வொரு மாரியிலும் உயிரைப் பணயம் வைத்தே அந்தக் கணக்கைப் பார்க்கவேண்டியிருக்கும்.

இக்கேள்வி பாரிஸ் லாச்சப்பலில் வாழும் எமக்கு எவ்வகையில் உரியது என்று வாசகர் சிலர் எண்ணக்கூடும். கடந்த சில ஆண்டுகளாக இங்குள்ள ஊர்ச்சங்கங்கள் பல, கோயில் திருப்பணி, பாடசாலைக் கட்டடம் என்ற வரிசையில், கண்டல் நடுகை, கரையோரத்து மண் அணை ஆகியவற்றுக்கும் பணம் சேர்க்கத் தொடங்கியுள்ளன. நோக்கம் உயர்ந்தது. ஆனால் அப்பணம் எதற்குப் பயன்படுகின்றது என்பதை ஆராயாமல் அனுப்புவோமாயின், உறைபனிக் காலத்து விடியற்காலையில் உணவகங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் ஈட்டிய காசை உவர்ச் சேற்றில் கொட்டுவதாகவே முடியும்.

நீரேரிகளின் இயல்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒரு நிலத்துண்டு என்று கூறுவதிலும் பார்க்க, நீரேரிகளுக்கிடையே எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கற் திடல்களின் தொகுதி என்று கூறுவதே பொருத்தம். மேற்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 400 சதுர கிலோ மீற்றர் பரப்புடைய யாழ்ப்பாணப் பரவைக்கடல்; வடகிழக்கில் தொண்டைமானாற்று நீரேரி; நடுவே உப்பாறு; தென்கிழக்கில் ஆனையிறவு நீரேரி. கனகராயன் ஆறு வன்னியிலிருந்து இரணைமடுவைத் தாண்டி வந்து ஆனையிறவு நீரேரியில் விழுகின்றது. அதன் கிழக்கு வாயே சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது.

குடாநாட்டில் வருடமுழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையே எமது நீர். அம்மழை சுண்ணாம்புப் பாறையினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மீது மிதக்கும் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுவிதி. இவ்விதியை மறுபுறமாக வாசித்தால் அபாயம் புரியும். மேலே ஓரடி தாழ்ந்தால் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறும். நீரேரிக் கரையின் சதுப்பு நிலம் மழைநீரைத் தேக்கி மெதுவாக வடியவிடும்வரையில்தான் இச்சமநிலை நிலைக்கும். கரை அரிக்கப்பட்டு, சதுப்பு உவர்த்தரையாக மாறும்போது மழைநீர் நில்லாது ஓடிவிடுகின்றது, உவர்நீர் உட்புகுகின்றது.

அண்மையில் வடமராட்சி கிழக்கிலிருந்து வந்து புகலிடம் கோரியிருக்கும் ஒரு மீனவ இளைஞருடன் வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அருகேயுள்ள தேநீர்க்கடையொன்றில் உரையாடும் வாய்ப்புக் கிட்டியது. "சேர், எங்கட துரவிலை முந்தி மாடு தண்ணி குடிக்கும். இப்ப மாடும் முகந்து பாத்திட்டுத் திரும்பிப் போகுது" என்றார் அவர். ஆய்வுகூட அறிக்கைக்கு முன்னரே மாடு கண்டறிந்துவிட்ட முடிவு அது.

அரிப்புக்குக் காரணங்கள்

கடல் மட்ட உயர்வே காரணம் என்று கூறிவிட்டு எல்லோரும் கைகழுவிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கடல் உயர்கின்றது என்பதில் ஐயமில்லை. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கையின்படி 1901க்கும் 2018க்குமிடையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரி மீற்றர் உயர்ந்தது. 2006க்குப் பின்னர் ஆண்டுக்கு 3.7 மில்லி மீற்றர் என்ற வேகத்தை எட்டியது. ஆனால் எமது கரைகளில் நாம் காணும் சேதத்தின் பெரும்பகுதிக்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் பரிகாரம் காண முடியாது.

முதலாவது, நீரோட்டத் தடை. பண்ணை, வேலணை–புங்குடுதீவு, பொன்னாலை–காரைநகர்த் தாம்போதிகள் தீவுகளை இணைத்தன. அதேவேளை பரவைக்கடலின் நீரோட்டத்தையும் குறுக்கறுத்தன. ஆனையிறவில் புகையிரதப் பாதையும் வீதியும் அதையே செய்தன. மதகுகள் போதாதவிடத்து ஒருபுறம் சேறு படிகின்றது. மறுபுறம் குறுகிய வாயினூடாகப் பாயும் நீர் கரையைத் தின்கின்றது.

இரண்டாவது, மணல். அம்பன், குடத்தனை, மணற்காடு, நாகர்கோவில் வரையான மணற்குன்றுகள் வடமராட்சி கிழக்கின் இயற்கை அணை. மணற்காட்டில் மணலுள் புதைந்து கிடக்கும் பழைய தேவாலயச் சிதைவைக் கண்டவர்கள், அந்த மணலின் வலிமையை அறிவர். அம்மணலை இரவு பகலாக ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரங்களையும் ரிப்பர்களையும் பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்தபாடில்லை. போர் முடிந்தபின் எழுந்த வீடுகளுள் புலம்பெயர்ந்தோர் காசில் கட்டப்பட்டவையும் பல. அந்தச் சுவர்களில் இக்குன்றுகளின் மணலும் கலந்திருக்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

மூன்றாவது, தாவர அழிவு. விறகுக்கும் வேலிக்கும் வெட்டப்பட்ட கண்டல்கள். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள். பாதுகாப்பின் பெயரால் துப்புரவாக்கப்பட்ட கரைப்பற்றைகள். நான்காவது, அண்மைக்காலத்து நீரியல் வளர்ப்பு முயற்சிகள். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் பெருகிய கடலட்டைப் பண்ணைகளின் வேலியடைப்புகள் நீரோட்டத்தையும் தமது தொழிலையும் தடுப்பதாகச் சிறுதொழில் மீனவர்கள் முறையிட்டு வந்துள்ளனர். மன்னாரில் 2016இல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட விடத்தல்தீவின் 168 ஹெக்டேயர் நிலத்தை, நீரியல் வளர்ப்புக்காக 2024 மே மாதத்து வர்த்தமானி அறிவித்தல் விடுவித்தது. சூழலியல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடி இடைக்காலத் தடை பெறவேண்டியதாயிற்று.

நன்னீரா, உவர்நீரா?

வடபுலத்து நீரேரிகளைப் பற்றிய விவாதம் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாண அரசாங்க அதிபராயிருந்த துவைனம் காலத்திலிருந்தே, நீரேரிகளை நன்னீராக மாற்றும் யோசனை முன்வைக்கப்பட்டு வந்தது. 1954இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அதற்கு முழுவடிவம் கொடுத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று மக்கள் வழங்கும் திட்டம் அதுவே. சுண்டிக்குளத்தில் அணைகட்டி ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக அந்நீரைத் தொண்டைமானாற்று நீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டு செல்வது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்புக் கதவணைகள் எழுந்தன. ஆனால் சுண்டிக்குளத்து அணை வெள்ளத்தில் உடைந்தது. வாய்க்கால் நிறைவு பெறவில்லை. பின்னர் போர் வந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த காலத்தில் ஒரு மாரி தொடக்கத்தில் மாணவர்களைத் தொண்டைமானாற்றுக் கதவணைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். எங்களைக் கண்டு இருவர் அருகே வந்தனர். ஒருவர் தோட்டக்காரர். கதவை இப்போதே பூட்டினால்தான் மழைநீர் நிற்கும், கிணறுகள் இனிக்கும் என்றார் அவர். மற்றவர் நீரேரியில் களங்கண்டி போடும் தொழிலாளி. கதவைத் திறந்தால்தான் கடலிலிருந்து இறாற்குஞ்சு உள்ளே வரும், பூட்டினால் தன் வீட்டு உலை அணையும் என்றார். இருவரும் என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கோ சேர்" என்று கேட்டனர். மாணவர் முன்னிலையில் நான் வாயடைத்து நின்றேன். இருவர் கூறியதும் உண்மை. எவ்வளவு நீர், எந்த வாரம், எந்த அளவு உவர் என்ற அளவீடு என் கையில் இருந்திருந்தால் இருவருக்கும் பொதுவான ஒரு பதிலை முயன்றிருக்கலாம். அது என்னிடம் இருக்கவில்லை.

இன்று கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் மருதங்கேணி, தாளையடியில் இயங்குகின்றது. 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட அந்நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். குடிநீருக்கு அது ஒரு விடை. தோட்டத்துக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் அது விடையாகாது. ஆதலால் நீரேரிகளின் எதிர்காலம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கின்றது.

நட்டவை ஏன் மடிந்தன?

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நடுகை ஒரு சர்வதேச அலையாகவே எழுந்தது. உலகெங்கிலுமிருந்து பணம் வந்தது. அதன் விளைவை றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளரும் பெல்ஜிய ஆய்வாளரும் இணைந்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். இலங்கையின் 23 நடுகைத் தலங்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டது. வெற்றிகண்டது ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது தலங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் தப்பிய தலங்கள் மூன்றே மூன்று.

காரணங்கள் மிக எளிமையானவை. இலங்கைக் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. ஆகவே கண்டல் வளரக்கூடிய நிலம், நீர்விளிம்பில் ஒரு குறுகிய பட்டி மட்டுமே. அதற்குச் சிறிது கீழே நட்டால் கன்று மூச்சுத்திணறிச் சாகும். சிறிது மேலே நட்டால் உப்புப் பூத்துக் கருகும். நட்டவர்களோ நிலமட்டத்தை அளக்கவில்லை. கிடைப்பதற்கு எளிதான நீண்ட முளைக்கன்றுகளையுடைய ஓரிரு இனங்களையே எங்கும் நட்டனர். வெண்கண்டல் இயல்பாய் நிற்கும் உவர்த்தரையில் வேறோர் இனத்தைக் குத்தினர். நட்டபின் மாடு மிதித்தது, பாசி மூடியது, பார்ப்பார் இல்லை. திட்ட அறிக்கையில் கன்றுகளின் எண்ணிக்கை எழுதப்பட்டது. மூன்றாண்டின் பின் எஞ்சிய மரங்களின் எண்ணிக்கை எழுதப்படவில்லை.

இத்தோல்விகளிலிருந்து நாடு எதுவும் கற்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. அரசும் ஆய்வாளரும் அறிவியல் அடிப்படையில் தொடங்கிய புதிய முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை 2024 பெப்ரவரியில் உலகின் முன்மாதிரி மீட்புத் திட்டங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆனால் அந்த அறிவு ஊர்ச்சங்கங்களின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிச்சாவரம் கற்பித்தது

எமக்கு மிக அண்மையிலேயே, எமது மொழி பேசும் கரையிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கின்றது. தமிழகத்தின் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஆங்கிலேயர் காலந்தொட்டு வனத்துறை கண்டல்களைப் பட்டை பட்டையாக வெட்டி விற்று வந்தது. வெட்டப்பட்ட இடத்தில் வெயில் பட்டுச் சேறு காய்ந்து நிலம் தாழ்ந்தது. அத்தாழ்நிலத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி ஆவியாகி, மண்ணில் உப்புச் செறிந்தது. அதன்பின் அங்கு எதை நட்டாலும் முளைக்கவில்லை. மக்கள் மரம் வெட்டுவதாலும் மாடு மேய்ப்பதாலுமே காடு அழிந்தது என்று நீண்டகாலம் பழி கூறப்பட்டு வந்தது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உண்மைக் காரணத்தை அளந்து கண்டனர். வனத்துறையுடனும் ஊர்மக்களுடனும் சேர்ந்து, மீன்முள்ளின் வடிவில் ஒரு பெருவாய்க்காலையும் அதிலிருந்து சாய்வாகப் பிரியும் கிளைவாய்க்கால்களையும் வெட்டினர். வற்றுப்பெருக்கு உள்ளே வந்து உப்பைக் கழுவிச் சென்றது. அதன் பின்னரே வாய்க்காற் கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. செய்மதிப் படங்களில் காணக்கூடிய அளவுக்குக் காடு மீண்டது. அவற்றைத் தூர்வாராது விட்டால் வாய்க்கால் மீண்டும் அடைபடும் என்பதும் அங்கு கற்ற பாடமே. ஊரவரை வேலியாக வைக்காமல் பங்காளராக ஏற்றமையும் அவ்வெற்றிக்கு ஒரு காரணம்.

நீரின் வழியைச் சீர்செய்தால் விதை தானே வந்து சேரும், நடுகை கடைசி உபாயம் என்பதை அமெரிக்காவின் புளோரிடாவில் ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளரும் செயல்முறையில் நிறுவிக்காட்டினார். இரு கரைகளிலும் ஒரே முடிவு கிட்டியிருப்பது கவனத்துக்குரியது.

வெளிநாடுகளின் அனுபவம்

பணமும் தொழில்நுட்பமும் இருந்தால் எதையும் மீட்கலாம் என்ற மயக்கமும் வேண்டாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1932க்கும் 2016க்கும் இடையில் ஏறத்தாழ 4,800 சதுர கிலோ மீற்றர் கரையோர நிலத்தை இழந்தது. மிசிசிப்பி நதிக்குக் கரைகட்டி, அதன் வண்டல் சதுப்புகளுக்குச் செல்லாது கடலாழத்தில் வீழ்ந்தமை முதற்காரணம். எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் மற்றொரு காரணம். 2005இல் கத்ரீனா சூறாவளி அந்த இழப்பின் விலையை உலகுக்குக் காட்டியது. அதன்பின் 50 ஆண்டுகாலத் திட்டம் வரையப்பட்டது. நதியின் வண்டலை மீண்டும் சதுப்புக்குத் திருப்பும் பெருந்திட்டமொன்று 2023இல் தொடங்கப்பட்டு, செலவு ஏற்றத்தாலும் சிப்பி, இறால் தொழிலாளரின் எதிர்ப்பாலும் அரசியல் மாற்றத்தாலும் 2025 யூலையில் கைவிடப்பட்டது. தொண்டைமானாற்றுக் கதவணையில் நான் கேட்ட வழக்கே அங்கும் நடந்தது. நன்னீர் வந்தால் சதுப்பு வாழும், சிப்பி சாகும். தொழிலாளருடன் முதலிலேயே உடன்பாடு காணாத திட்டம் எத்தனை கோடி டொலர் பெறுமதியுடையதாயினும் நிலைக்காது.

நாம் வாழும் பிரான்சில் வேறொரு வழி கையாளப்பட்டுள்ளது. தெற்கே றோன் நதிக் கழிமுகத்திலுள்ள கமார்க் பகுதியில் கைவிடப்பட்ட உப்பளங்கள் ஏறத்தாழ 6,500 ஹெக்டேயரை, 1975இல் நிறுவப்பட்ட அரச கரையோரப் பாதுகாப்பு நிறுவனம் 2008 முதல் சில ஆண்டுகளில் வாங்கியது. கடலணையைத் தொடர்ந்து திருத்திக்கொண்டிருப்பதில்லை என்று அங்கு முடிவெடுக்கப்பட்டது. கடல் உட்புகுந்து தனக்குரிய எல்லையைத் தேடிக்கொள்ளவும், உள்நாட்டு நீரேரிகளுடன் நீர்வழி மீண்டும் இணையவும் இடமளிக்கப்பட்டது. அப்பகுதி வாசிகளுள் இதனை ஏற்காதோரும் உளர். எனினும் எந்த அணையைக் காப்பது, எந்த அணையைக் கைவிடுவது என்று அளந்து தீர்மானித்தார்கள் என்பதே நாம் கவனிக்கவேண்டிய அம்சம். ஆனையிறவு உப்பளத்தையும் அதனைச் சூழ்ந்த உவர்வெளியையும் அறிந்த எமக்கு இந்த உதாரணம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. பின்வாங்குவதற்குக் கமார்க்கில் வெற்றுநிலம் இருந்தது. குடாநாட்டிலோ கரைக்குப் பின்னால் ஒழுங்கை, ஒழுங்கைக்குப் பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு குடும்பம். ஆதலால் அந்த வழியை அப்படியே கடன்வாங்க முடியாது.

சேதத்தை மதிப்பிடும் முறை

சேத மதிப்பீடு என்றவுடன் கோடிக்கணக்கான ரூபாவும் வெளிநாட்டு நிபுணரும் வேண்டுமென்று அஞ்சத் தேவையில்லை. வேண்டியவை ஐந்து.

முதலாவது, கரை எங்கிருந்து எங்கு நகர்ந்தது என்ற வரைபடம். 1956ஆம் ஆண்டளவில் எடுக்கப்பட்ட வான்படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் உள்ளன. அமெரிக்காவின் லான்ட்சற் செய்மதிகள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008இலிருந்து இலவசம். ஐரோப்பாவின் சென்ரினல் செய்மதி 2015 முதல் பத்து மீற்றர் நுணுக்கத்தில் படம் தருகின்றது, அதுவும் இலவசம். போர்க்காலத்தில் எவரும் கால்வைக்க முடியாதிருந்த கரைகளின் வரலாறுகூட அப்படங்களில் பதிந்திருக்கின்றது.

இரண்டாவது, நிலமட்டம். கன்று நடும் பட்டியை இதுவே தீர்மானிக்கும். மூன்றாவது, உவர்த்தன்மை. நீரேரியின் சில இடங்களிலும் அதன் கரையோரக் கிணறுகளிலும் மாதம் ஒருமுறை, குறைந்தது இரண்டு மாரியும் இரண்டு கோடையும் அளக்கவேண்டும். கையடக்கமான அளவுகருவியொன்றைக் கொண்டு உயர்தர வகுப்பு மாணவரே இதனைச் செய்யலாம். நான்காவது, நீரோட்டமும் மணலும். எந்த மதகு அடைபட்டுள்ளது, எங்கிருந்து எவ்வளவு மணல் ஏற்றப்படுகின்றது என்ற கணக்கு இது. ஐந்தாவது, மனிதர். எத்தனை குடும்பம் எந்தத் தொழிலால் வாழ்ந்தது, இன்று எதை இழந்துள்ளது என்ற பதிவு. மூத்த மீனவரின் நினைவும் ஒரு அளவுகோலே. எந்த ஆண்டில் எந்த வாய் அடைபட்டது என்பதை அவர் கூறுவார். செய்மதிப் படம் அதைச் சரிபார்க்கும்.

இவ்வைந்தும் கூடியபின் மூன்று வகையாகப் பிரிக்கலாம். மணலேற்றத்தையும் வெட்டுதலையும் நிறுத்தினாலே தானாக மீளும் இடங்கள். மதகைத் திறந்து வாய்க்கால் வெட்டினால் மீளும் இடங்கள். எது செய்தும் மீளாத, குடியிருப்பைக் காக்க மட்டும் அணை வேண்டிய இடங்கள். கன்று நடுகை இரண்டாவது வகையின் இறுதிப் படியாக மட்டுமே வரவேண்டும்.

அதிகாரம் யாரிடம்?

இவற்றைச் செயற்படுத்தும் அதிகாரம் சிதறிக் கிடக்கின்றது. கண்டல் வனத் திணைக்களத்துக்குரியது, பூங்கா வனசீவராசிகள் திணைக்களத்துக்குரியது, கதவணை நீர்ப்பாசனத்துக்குரியது, தாம்போதி வீதி அதிகார சபைக்குரியது, கரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியது, மணல் உத்தரவு வேறொரு பணியகத்துக்குரியது. இவற்றை ஒரு மேசைக்கு அழைக்கக்கூடிய மாகாண சபையோ, 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படாது விடப்பட்டது. மறுபுறம், பாதுகாப்புப் பிரகடனங்கள் மீனவரையும் மேய்ச்சற்காரரையும் கேளாமலே வரைபடத்தில் கோடிடுவதாக மக்கள் அஞ்சுகின்றனர். போரின்பின் நிலமிழந்த சமூகத்தில் அந்த அச்சம் காரணமற்றதன்று. ஆகையால் 'இயற்கைப் பாதுகாப்பு' என்ற சொல் மக்களுக்கு எதிரான சொல்லாக மாறாதிருக்க, அளவீடு மக்கள் கையிலிருந்தே தொடங்கவேண்டும்.

1971ஆம் ஆண்டின் றம்சார் உடன்படிக்கையில் இலங்கை 1990இல் இணைந்தது. ஆயினும் வட மாகாணத்தில் அப்பட்டியலில் இடம்பெற்றது 2010இல் சேர்க்கப்பட்ட மன்னார் வங்காலை மட்டுமே. யாழ்ப்பாணப் பரவைக்கடலும் சுண்டிக்குளமும் அவ்விடத்தைப் பெறுவதற்கும் முறையான அளவீடுகளே வாதமாக அமையும்.

நாம் செய்யக்கூடியது

புகலிடம் கோரி நிற்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. நிலம் உவரானதும் கரை உடைந்ததும் 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் ஐந்து காரணங்களுள் அடங்கா. கிரிபாட்டித் தீவினரான தைத்தியோத்தாவின் முறைப்பாட்டில் ஐ.நா. மனித உரிமைக் குழு 2020 சனவரியில் வெளியிட்ட முடிவு, காலநிலை அழிவு உயிருக்கு ஆபத்தாகும் நிலையில் ஒருவரைத் திருப்பி அனுப்புதல் உயிர்வாழும் உரிமையை மீறக்கூடும் என்ற கொள்கையை ஏற்றது. ஆனால் அவருடைய முறைப்பாட்டை நிராகரித்தது. ஆகவே இதனை மட்டும் நம்பி எவரும் தமது விண்ணப்பத்தை அமைத்துவிடலாகாது. அதேவேளை, நிலம், தொழில், அச்சுறுத்தல் ஆகியவை உங்கள் கதையில் பின்னிப்பிணைந்திருந்தால் அதனை மறைக்காது சட்டத்தரணியிடம் கூறுங்கள்.

ஊர்ச்சங்கத்தினருக்கு நான் கூறுவது வேறு. சென்ற மாதம் ஒரு சங்கத்தின் பொறுப்பாளர், பத்தாயிரம் கண்டற்கன்று நடும் திட்டமொன்றுக்கு ஆதரவாக எழுதுமாறு என்னிடம் கேட்டார். மேலே கூறியவற்றை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேர், நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா ரெண்டு வருசம் உப்பை அளந்துகொண்டிருந்தா, காசு தந்த சனத்துக்கு நாங்கள் என்னத்தைக் காட்டுறது?" என்றார். நேர்மையான கேள்வி. கன்று நட்டால் படம் எடுக்கலாம், விழா வைக்கலாம். அளவீட்டுக்கு விழா இல்லை.

ஆனால் அதற்கும் காட்டக்கூடிய ஒன்று உண்டு. ஊரின் ஒவ்வொரு கிணற்றின் உப்பளவையும் மாதவாரியாகக் குறித்த ஒரு வரைபடத்தை இங்குள்ள சங்கக் கூட்டத்தில் சுவரில் மாட்டுங்கள். எங்கள் வீட்டுக் கிணறு எங்கே என்று தேடாதவர் எவரும் இருக்கமாட்டார். இங்கு பல்கலைக்கழகங்களில் புவியியலும் கணினியும் கற்கும் எமது பிள்ளைகளிடம் செய்மதிப் படங்களை ஒப்பிடும் பொறுப்பைக் கொடுங்கள். ஊரைக் காணாத பிள்ளை, பாட்டன் கரைவலை இழுத்த கரை ஐம்பது ஆண்டில் எத்தனை மீற்றர் நகர்ந்தது என்று தானே அளந்து அறியட்டும். பணத்தை ஒரே தடவையில் அனுப்பாது, முதலாண்டு அளவீட்டுக்கும் அடுத்து மதகு, வாய்க்கால் வேலைகளுக்கும் அதன்பின் நடுகைக்கும் எனப் பிரியுங்கள். நட்ட எண்ணிக்கைக்குப் பணம் கொடாது, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கைக்குக் கொடுங்கள். கையொப்பமிடுமுன் ஊரிலுள்ள மீனவர் சங்கத்தையும் கமக்காரர் அமைப்பையும் ஒரே பாயில் இருத்துங்கள். புதிதாக வீடு கட்டுவோர் மணல் எங்கிருந்து வருகின்றது என்று ஒருமுறை கேளுங்கள்.

அந்தப் பொறுப்பாளர் இன்னும் முடிவு கூறவில்லை. அடுத்த கூட்டத்தில் இரு யோசனைகளையும் முன்வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். தொண்டைமானாற்றுக் கதவணையில் என்னைக் கேட்ட அவ்விருவருக்கும் நான் இன்னும் பதில் கடன்பட்டிருக்கிறேன். அவர்களுடைய பிள்ளைகள் மீண்டும் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்கும்போது, அருகே நிற்கும் ஆசிரியர் எவராயினும் அவர் கையிலாவது ஒரு கணக்குப் புத்தகம் இருக்கவேண்டும். அதை நிரப்பும் வேலை வருகின்ற மாரியிலேயே தொடங்கலாம்.